எங்கேயும் இல்லாத பேர்

"பூ பேரா? சாயங்காலமே வாடிடும். நிலாவா? தேயும். நதியா? கோடையில வத்திப்போயிடும். வேற சொல்லு."

மடியில் கிடந்த மகள் கொட்டாவி விட்டாள். பிறந்து ரெண்டு மாசமாகியும் பேர் இல்லை. அப்பா விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கும் பற்பசைக்கும் பேர் வைக்கிறவர், லேசில் விடுவாரா? அவர் பேர் வைத்த சோப்பு எதுவும் கடையில் ஒரு வருஷம் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

"உங்க அம்மா பேரையே வச்சுடலாமே?" என்றாள் மனைவி.

"அதுக்கு அர்த்தமே கிடையாது. பேர்னா சும்மாவா? எந்த மொழி, என்ன வேர், என்ன அர்த்தம்... எல்லாம் பார்க்கணும்."

நாத்தனார்கூட போனில் அலுத்துக்கொண்டாள். "அண்ணன் ஆடுற ஆட்டத்துக்கெல்லாம் தலையாட்டுறீங்களே அண்ணி. பெத்தவங்க நீங்க. உங்களுக்குன்னு ஒரு ஆசை கிடையாதா?"

இருந்தது. ஒரே ஒரு பேர். அவர் மாட்டேன் என்றுவிடுவாரோ என்ற பயத்தில் அதை மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் துணிந்து சொல்லிவிட்டாள்.

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அர்த்தம்?"

"விழப்போறவங்களைத் தாங்கிப் பிடிக்கிறவ."

"எந்த மொழி?"

"தெரியலைங்க. மலைக்கு அந்தப் பக்கம் வைக்கிற பேராம்."

போனை எடுத்தார். இருக்கிற தளங்களையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார். ஒன்றிலும் அந்தப் பேர் இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கேயுமே இல்லை! அப்போ எவ்வளவு பழசா இருக்கணும்! யார்கிட்டயும் மூச்சு விடாதே, எவனாவது திருடிடுவான்."

விடிவதற்குள் அந்தப் பேரைக் கண்டுபிடித்தவர் அவராகிவிட்டார். பேரைச் சொல்லாமல் அதன் பெருமையை மட்டும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதன் வயசு ஆளுக்கு ஆள் ஆயிரம் ஆயிரமாக ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை பேரை அறிவிக்க முதலாளியையும் நண்பர்களையும் வரவழைத்தார். காலையிலேயே குடியிருப்பின் மாடிப்படி துடைக்கிற பெண்ணிடம், "ஏம்மா, இந்தாம்மா! பெரிய மனுஷங்க வர்றாங்க. படி பளபளன்னு இருக்கணும்" என்று உத்தரவு போட்டாயிற்று.

கூடம் நிறைந்தது. குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நாலாயிரம் வருஷத்துப் பேர்! தாங்கிப் பிடிக்கிறவள்னு அர்த்தம். உலகத்துல வேற எவளுக்கும் இந்தப் பேர் கிடையாது!"

கட்டடமே அதிரும்படி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"இதோ வந்துட்டேன் சார்!"

படி துடைக்கிற பெண் ஈரத் துணியோடு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் சார் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க! எங்கே துடைக்கணும்?"

கூடம் கொல்லென்று சிரித்தது. முதலாளி இருமுகிற சாக்கில் சிரித்தார். கணவர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார்.

"போயும் போயும் இவ பேரா? தெரிஞ்சேதான் சொன்னியா? மரியாதையா வேற பேர் சொல்லு."

அவள் குழந்தையை அவர் கையிலிருந்து வாங்கினாள். நேரே வாசலுக்குப் போனாள்.

"கை ஈரமா இருக்குக்கா" என்று தயங்கியவளின் கையிலேயே மகளைக் கொடுத்தாள். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னாள்.

"வலி வந்த அன்னிக்கு, பற்பசைக்குப் பேர் தேடுற மீட்டிங்னு நீங்க போனை அணைச்சு வச்சிருந்தீங்க. லிஃப்ட் வேலை செய்யலை. மூணு மாடியும் என்னைத் தாங்கிப் பிடிச்சு இறக்கி, ஆஸ்பத்திரியில சேர்த்தது இவங்கதான். இந்தப் பேருக்கு அர்த்தம் நான் எந்தப் புஸ்தகத்துலயும் பார்க்கலைங்க. மாடிப்படியில பார்த்தேன்."