மங்கலாக்கிய முகங்கள்

பி.எட். படிப்புக்கான டிஜிட்டல் தொகுப்பில், பயிற்சிப் பள்ளியில் தான் நடத்திய வகுப்பின் வீடியோவை ஏற்றியிருந்தாள் மணிமொழி. பிள்ளைகளின் முகம் தெரியக் கூடாது என்பது கல்லூரி விதி. எல்லா முகங்களையும் மங்கலாக்கிவிட்டு அசலை அழித்திருந்தாள். கீழே, தன் கற்பித்தல் பற்றிய குறிப்பில், 'அனைவரையும் பங்கேற்க வைத்தேன்' என்று எழுதியிருந்தாள்.

அந்த வகுப்பில் படித்து, பிறகு கல்குவாரித் தண்ணீரில் மூழ்கி இறந்துபோன முத்துக்காளையின் அம்மா, மகனின் படம் வேறெதுவும் இல்லையென்று அவளைத் தேடி வந்தாள்.

"இதுல மூஞ்சி தெரியாதும்மா."

"பரவால்ல டீச்சர், போடுங்க."

கடைசி பெஞ்சில் முகம் மங்கிய ஒரு பையன் கையைத் தூக்கியிருந்தான். அம்மா அவன்மேல் விரலை வைத்தாள். பாடம் ஓடிக்கொண்டே இருந்தது. கை இறங்கவில்லை.

"அவன எப்ப டீச்சர் கேப்பீங்க?"