வாசலில் கவிழ்ந்த வாளி

“நர்ஸ் அத்தை உள்ளதானே தூங்குறாங்க? அப்புறம் ஏம்மா அவங்க வாளி கவுந்திருக்கு?”

போன தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் லாரி வந்தபோது மகள் கேட்டது.

டீச்சர், போய் வீட்டுப்பாடத்தை முடி என்றாள்.

கோடை முற்றியதிலிருந்து அந்தக் குடியிருப்பில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. லாரி வரும் மதியங்களில் காவல்காரர் நீண்ட ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுவார்.

மாடிக்கு இரண்டு வீடு. வாசலுக்கு ஒரு டிரம். டிரம் மூடியின்மேல் ஒரு தகர வாளி.

வாளி நிமிர்ந்திருந்தால் வீட்டில் ஆள் உண்டு. அரை டிரம் தண்ணீர் கிடைக்கும். கவிழ்ந்திருந்தால் ஊரில் இல்லை என்று அர்த்தம். அந்தப் பங்கும் எதிரே இருக்கும் வீட்டுக்கே போகும். கதவைத் தட்டிக் கேட்பதெல்லாம் கிடையாது.

அந்த ஏற்பாட்டைச் சொன்னதே டீச்சர்தான். ஆளில்லாத வீட்டு டிரம்மில் தண்ணீர் கிடந்து புழு வைக்கிறது, இது அடுக்குமா என்று குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். காய் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், துணி அலசிய தண்ணீரைக் கழிவறைக்கு வையுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவளும் அவள்தான். காவல்காரர் அவளுக்கு வைத்திருந்த பெயர் சொட்டு டீச்சர். அதில் பாதி கேலி, பாதி மரியாதை.

எதிர்வீட்டு நர்ஸுக்கு இரவு வேலை. மதியத்தில் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். அவளுடைய அப்பா படுத்த படுக்கை. எழுந்து வந்து எங்களுக்கும் ஊற்றுங்கள் என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. வாசலில் இருக்கும் வாளிதான் அவர்களுக்காகப் பேச வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாளி பேசவில்லை. டீச்சர் வீட்டு டிரம் நிறைந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினாள். வருவதாக முதல்நாளே தகவல் சொல்லியிருந்தாள். ஊரே தண்ணிக்கு அலையுது, உங்க வீட்ல மட்டும் ஆறு ஓடுதே அண்ணி என்று தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள். டீச்சரும் சிரித்து வைத்தாள்.

பிள்ளைகள் குளியலறையில் கொட்டமடித்துக்கொண்டிருந்த நேரத்தில் எதிர்க்கதவு திறந்தது. தூக்கம் கலையாத முகத்தோடு நர்ஸ் தன் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

டீச்சர் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“காத்துல கவுந்திருக்கும்க்கா. வீட்ல ஆளுங்க வந்திருக்கிறப்பவும் எனக்குக் குடுக்குறீங்களே. நீங்க இல்லன்னா இன்னிக்கு அப்பாவுக்கு உடம்பு துடைச்சுவிடக்கூட முடிஞ்சிருக்காது.”

இது உன் தண்ணீர்தான் என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தாள். அதற்குள் நர்ஸ் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

அதன்பிறகு சுவருக்கு அப்பால் பெரியவர் இருமும்போதெல்லாம், மொண்ட தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்றினாள். சாமி கும்பிட நின்றால் வழக்கமாக முதலில் மழையைத்தான் கேட்பாள். இப்போது மழையைக் கேட்க வாய் வரவில்லை.

இன்று மறுபடியும் லாரி.

டீச்சர் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மகள் பள்ளியில் இருந்தாள், கணவர் வேலையில். அடுப்படியில் அரைக் குடம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அடுத்த லாரி வரை அது காணாது. வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று அவள் இன்னும் யோசிக்கவில்லை.

கீழே லாரி வந்து நின்றது. வாசலுக்கு வந்தாள். நடையில் யாரும் இல்லை.

நர்ஸ் வீட்டு வாளி நிமிர்ந்திருந்தது. இனி காற்று கவிழ்த்துவிடக்கூடாது என்று அதற்குள் ஒரு செங்கல்லை வைத்திருந்தாள்.

டீச்சர் அந்தச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு தன் வாளியைக் கவிழ்த்தாள். கைப்பிடி தட்டி ஒலிக்காமல் இருக்க விரல்களால் அணைத்துக்கொண்டு, மெல்ல. உள்ளே வந்து தாழிட்டாள். மின்விசிறியை நிறுத்தினாள். கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள்.

ரப்பர் குழாய் படிகளில் உரசிக்கொண்டு ஏறி வந்தது. காவல்காரர் வாசலில் நின்றார். சொட்டு டீச்சரும் ஊருக்குக் கிளம்பியாச்சா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செருப்புச் சத்தம் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. செங்கல்லோடு வாளியை இறக்கி வைக்கும் ஓசை. தண்ணீர் விழத் தொடங்கியது.

பாதி டிரம்மோடு சத்தம் நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நிற்கவில்லை. அடியில் அதிர்ந்த ஒலி மெல்ல மெல்லத் தடித்து, விளிம்புவரை வந்து அடங்கியது. அந்த வீட்டுக்குள் பெரியவர் ஒரு தடவை இருமினார்.

காவல்காரர் இறங்கிப் போன பிறகுதான் டீச்சர் தன் கையைப் பார்த்தாள். விரல்களில் வாளிக் கைப்பிடியின் துரு.

எதிர்வீட்டு வாளியைக் கவிழ்த்த அன்றும் இதே விரல்களில்தான் துரு ஒட்டியிருந்தது. அன்று கழுவ நிறையத் தண்ணீர் இருந்தது.

இன்று காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டாள்.