ஆணி அடித்த சன்னல்

கொளஞ்சியம்மாள் கையில் கத்தியோடு உள்ளே வந்ததும் மேனேஜர் அரங்கநாதன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி அவர் விருத்தாசலத்துக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. ஆட்களின் முகம்கூட இன்னும் பழகவில்லை.

அவள் கத்தியை மேசைமேல் வைத்தாள். பின்னால் வந்த பெண்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். மைக்காக் கட்டியைக் காகிதத்தைவிட மெல்லிய தகடுகளாகப் பிரிக்கிற கத்திகள். மோட்டாருக்குள் கரண்ட் தாவாமல் தடுக்கும் அந்தத் தகடுகள் மறுநாள் ரயிலேற வேண்டும்.

"மேஸ்திரிய வேலைய வுட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் ஒருத்தியும் கத்தியத் தொடமாட்டோம்."

"என்னம்மா நடந்தது?"

"காத்துல தகடு பறக்குதுன்னு சன்னலுக்கெல்லாம் ஆணி அடிச்சிட்டாருங்க. இந்த வெயில்ல உள்ள மூச்சு வுட முடியல. வேம்பு ஏழு மாசப் புள்ளத்தாச்சி, முறத்தோட மயங்கி வுழுந்துட்டா. அந்த ஆளு அவளத் தாண்டிப் போயி, செதறுன தகடப் பொறுக்குறாரு."

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"ஆஸ்பத்திரில கெடக்குறா. வயித்துல இருக்கறது பொழைக்குமான்னு டாக்டரு இன்னும் சொல்லல."

"யாரு அந்த மேஸ்திரி? பேரைச் சொல்லு."

கொளஞ்சியம்மாள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற வீரம்மாள்தான் சொன்னாள்.

"சாமிதுரைங்க. அதோ நிக்கிறாரு."

வாசலில் நின்ற சாமிதுரை துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான். "சரக்கு வீணாப் போயிடும்னுதாங்க..."

"ஆளு வீணாப் போனா பரவால்லியா?" கொளஞ்சியம்மாள் அவன் பக்கம் திரும்பவேயில்லை. "விடியக்காலையிலகூடச் சொன்னேங்க, அந்த ஆணியப் புடுங்கிப் போடுங்கன்னு. காதுல வாங்கல."

மேனேஜர் கத்திகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"தப்புதாம்மா. நான் கண்டிச்சு வைக்கிறேன். ஆனா வேலையை விட்டே அனுப்பணும்னு சொல்றியே, அது நியாயமா? அந்த ஆளுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருப்பாங்க. நாளைக்கு அவங்க தெருவுல நிக்கணுமா? அதை நீ யோசிச்சியா?"

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

"யோசிச்சிட்டுத்தாங்க வந்தேன். நான்தான் அவரு பொண்டாட்டி."