தூதர் நடந்து வரும் சந்து

“அந்தத் தூதர் இந்தச் சந்துக்குள்ள கால வெச்சா, குறுக்கே உக்காந்துடுவேன் சார். என்னைத் தாண்டித்தான் போகணும்” என்றாள் இஸ்திரிக்கடைக்காரி. பதிலுக்குக் காத்திராமல் ஒரு சட்டையின் காலரை இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினாள்.

எதிரில் நின்ற மாநகராட்சி வட்ட அதிகாரிக்கு அந்தக் காலருக்குள் தன் கழுத்து இருப்பதுபோல ஒரு நினைப்பு வந்தது.

தலைநகரில் பார்க்க எத்தனையோ மாளிகைகள் இருக்க, வெளிநாட்டுத் தூதர் ஒருவர் இந்தச் சந்தைத்தான் பார்க்க வேண்டுமாம். தூதரகங்கள் வரிசைகட்டி நிற்கும் அகலச் சாலைக்கு நேர் பின்புறம் அது. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவராகிவிட வேண்டும். சுவரோரம் திறந்த சாக்கடை. நாலு வருஷத்துக்கு முன்னால் பழுதுபார்க்கவென்று தூக்கிப்போன மூடுகற்கள், போனவைதான்.

சந்துக்காரர்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒரே பதில். அதனால் அந்தப் பக்கத்தில் அதிகாரிக்குப் பெயரே ‘ஆவன’தான்.

“ஏம்மா, இது நாட்டோட மானம். விருந்தாளி வர்ற நேரத்துல வம்பு பண்ணலாமா?”

“துணி குடுக்கப் போன என் வீட்டுக்காரர் இந்தச் சாக்கடைக்குள்ள விழுந்து இடுப்பொடிஞ்சாரு. கட்டு பிரிச்சு ரெண்டு மாசமாச்சு, இன்னும் வாசலைத் தாண்ட பயப்படறாரு. அது யார் மானம் சார்?”

எதிர்க்கடை சைக்கிள் ரிப்பேர்க்காரர் செருமினார். செருமல் மாதிரி இல்லை.

அதிகாரி சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். வந்த மூன்று நாளில் மனைவிக்கு இரண்டு தடவை, மைத்துனனுக்கு ஆறு தடவை வாசித்துக் காட்டியாயிற்று.

“கேட்டுக்கோம்மா. ‘பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் மேலான கவனத்திற்கு. தங்கள் பகுதியை நடந்தே வந்து பார்வையிட அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஒரு நாட்டோட தூதர், எனக்கு, நம்ம பாஷையில, தாழ்மையுடன்னு எழுதறாரு. பெரிய மனுஷங்க பணிவைப் பாத்தியா?”

“பணிவா எழுதறவங்க பள்ளத்துல விழுந்தா வலிக்காதா?”

“அதான் பச்சைக் கம்பளம் விரிச்சு மூடப் போறோமே. மேல நாலு பூந்தொட்டி வெச்சிடுவோம்.”

“கம்பளத்தோட சேர்ந்து உள்ள போவாரு. பூவும் தயாரா இருக்கு. எடுத்துப் போக ஆள் மட்டும் சொல்லி வைங்க.”

அதிகாரிக்கு வியர்த்தது. பதவி உயர்வில் தலைமை அலுவலகத்துக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தூதர் சாக்கடையில் விழுந்தாலும் ஒரு பட்டியலில் அவர் பெயர் இருக்கும். அது வேறு பட்டியல்.

“இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?”

“கல்லு போடுங்க, குறுக்கே உக்கார மாட்டேன். இல்லேன்னா அவர் கையைப் பிடிச்சு நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன். ‘பாருங்கய்யா, இதுதான் எங்க ஆவன’ன்னு.”

நிதி இல்லை, ஆள் இல்லை, கல் இல்லை என்று நாலு வருஷமாகப் படுத்திருந்த கோப்பு, எழுந்து ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அலுவலகமே மிரண்டது. இரண்டே நாளில் கருங்கல் வந்தது. சிமென்ட் வந்தது. யாரும் கேட்காமலே இரண்டு தெருவிளக்கும் வந்தன. அதிகாரி தலையில் மஞ்சள் தொப்பியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

வருகை நாளன்று காலை பத்து மணிக்கெல்லாம் அதிகாரி கோட்டும் பூங்கொத்துமாகச் சந்துமுனையில் ஆஜர். இஸ்திரிக்கடைக்காரி சொன்ன சொல் தவறவில்லை, கடைக்குள்ளேயே இருந்தாள். அவள் கணவர்தான் ஊன்றுகோலோடு புதுக்கல்லின் மேல் அடியடியாக நடந்து, சந்துக்கோடி வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

“ஓரமாப் போய்யா. தூதர் வர்ற வழி.”

“நாங்க போற வழி சார்” என்றார் அவர். ஓரமாகப் போகவில்லை.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. பூங்கொத்து தலைசாய்ந்தது, கோட்டுக்குள் அதிகாரி வெந்துகொண்டிருந்தார். ஒருவழியாகத் தூதரகத்துக்குப் போன் போட்டார். இத்தனை நாளும் போடாததற்குக் காரணம், எங்கே வேறு யாராவது பெரிய அதிகாரி இடையில் புகுந்து வரவேற்பைத் தட்டிப் பறித்துவிடுவாரோ என்கிற பயம்தான்.

மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாக விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்: தூதர் போன மாதமே விடுமுறையில் சொந்த நாட்டுக்குப் போய்விட்டார். அப்படி ஒரு கடிதம் அங்கிருந்து போகவே இல்லை.

அதிகாரி கடிதத்தை வெளியே எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். வெயிலில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

“அப்போ இதை யார்தான் எழுதினது?”

சைக்கிள் ரிப்பேர்க்காரருக்குக்கூடச் செருமல் வரவில்லை. இஸ்திரிக்கடைக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நேராக அவரைப் பார்த்தாள்.

“அதுவும் எங்க மனுதான் சார். பேரை மட்டும் மாத்தினோம்.”