பச்சை விளக்கு எரியும் வரை

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரே பயம், ஷெட்டில் நின்றபடியே பேட்டரி செத்துவிடுமோ என்று. முதலாளி பார்த்திபன் அதை வெளியே எடுப்பதே அபூர்வம். வாராவாரம் பானட்டைத் திறந்து பேட்டரியில் சார்ஜர் கிளிப்புகளை மாட்டுவார்.

அதுவும் அலுத்துப்போய், பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை பம்பருக்கு வெளியே இழுத்துவிட ஏற்பாடு செய்தார். இனி பானட்டைத் தொடவே வேண்டாம். பிளக்கைச் செருகினால் போதும்.

"இனிமே உனக்குச் சாவே கிடையாது. என் பச்சை விளக்கு எரியுற வரைக்கும் நிம்மதியா தூங்கு," என்றது சுவரில் தொங்கிய சார்ஜர்.

கார் தூங்கியது. அடைமழை நாள் ஒன்றில் என்ஜின் பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டு விழித்தது.

"யாரது?"

"நான்தான், எலி. குடும்பத்தோட வந்துட்டேன்."

"முதலாளி பானட்டைத் திறந்தா உன்னை அடிச்சே கொன்னுடுவார்!"

"அந்தப் பயத்துலதான் இத்தனை நாள் வரல. இப்பதான் அவர் திறக்கிறதே இல்லையே."

கார் சார்ஜரிடம் கெஞ்சியது. "சார்ஜர் அண்ணே, விளக்கை அணைச்சிடுங்க! அப்பவாவது திறந்து பார்ப்பார்."

"பேட்டரி நல்லா இருக்கும்போது நான் எப்படிப்பா அணைக்கிறது?"

அந்நேரம் பார்த்திபன் மனைவியோடு உள்ளே வந்தார். கார் அலறப் பார்த்தது. ஹாரன் ஒயரை எலி ஏற்கெனவே அறுத்திருந்தது.

பார்த்திபன் பச்சை விளக்கைப் பார்த்தார்.

"வண்டி பக்காவா இருக்கு. நாளைக்குப் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு மலைக்குப் போயிடலாம்."

கதவு மூடியது. எலி பிரேக் குழாய்க்கு நகர்ந்தது.