பீரோ கதவுக் கணக்கு

"மைனஸ் அரை பெருசா, மைனஸ் கால் பெருசா? சொல்லுங்க."

"எந்த டீச்சராவது பையனைப் பாத்து 'சொல்லுங்க'ன்னு கேப்பாங்களா? 'சொல்லுடா'ன்னு கேளு."

அவள் சாக்பீஸைப் பிடித்த கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கட்டிய கணவனை 'டா' போட்டுப் பேச நாக்கு எழவில்லை.

நாளைக் காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். எட்டாம் வகுப்பு, கணக்கு. பிடித்துப்போனால் வேலை. ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் எடுத்துப் பார்த்தாயிற்று. இரண்டு இடத்திலும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பேச்சு: 'உங்களுக்குக் கணக்கு வருதும்மா. அடுத்தவங்களுக்குப் புரியவைக்கத்தான் வரலை.'

அதனால்தான் இன்று பச்சை பீரோவின் கதவு கரும்பலகையாகியிருந்தது. குளிர்பதனக் கிடங்கிலிருந்து வேலை முடிந்து வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் முக்காலியில் உட்கார்ந்து மாணவனாகியிருந்தான். "தெரிஞ்சதையெல்லாம் தெரியாத மாதிரி நடிக்கணும், முடியுமா?" என்று அவள் கேட்டபோது, "அதுக்கென்ன, ஜமாய்ச்சுடலாம்" என்று பெருந்தன்மையோடு தலையாட்டியிருந்தான்.

"சரி... சொல்லுடா" என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டே.

"அரைதான் டீச்சர் பெருசு. அரை வயிறும் கால் வயிறும் ஒண்ணாகுமா?"

"மைனஸ் வந்தா எல்லாம் தலைகீழ். மைனஸ் கால்தான் பெருசு."

"அதெப்படி? எங்க கிடங்குல மைனஸ் பத்து ரூமுக்கு மெல்லிசு ஜாக்கெட், மைனஸ் இருபது ரூமுக்குக் கனத்த ஜாக்கெட். அப்ப இருபதுதானே பெருசு?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடிப்பதென்று வந்துவிட்டால் மனிதர் இப்படியா பிய்த்து உதறுவார்!

பீரோவின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். "இந்தக் கைப்பிடிதான் பூஜ்யம். மேல போனா ப்ளஸ், கீழ இறங்கினா மைனஸ். மைனஸ் கால் இங்க, கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழ. மைனஸ் அரை அதுக்கும் கீழ. எது மேல இருக்கோ அது பெருசு."

"அப்ப கீழ போகப் போகச் சிறுசு?"

"ஆமா."

அவன் முகவாயைத் தடவியபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசி பெஞ்சுப் பையன்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அடுத்தது. பாயிண்ட் அஞ்சு பெருசா, பாயிண்ட் மூணு அஞ்சு பெருசா?"

"முப்பத்தஞ்சை விட்டுட்டு அஞ்சைப் பெருசுன்னு சொன்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"முப்பத்தஞ்சுன்னு வாசிக்காதடா! பாயிண்ட் அஞ்சுன்னா பாதி. மத்தது பாதியைத் தொடவே இல்லை."

"பாதின்னு முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா வம்பே இல்லையே, டீச்சர்."

'டா' தானாக வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. மைனஸ் கால் என்று எழுதி, இரண்டு பக்கமும் நிமிர்ந்த கோடு போட்டாள். "இது மட்டு மதிப்பு. பூஜ்யத்துலேர்ந்து எவ்வளவு தூரம்னு மட்டும் பாக்கும். மேலயா, கீழயான்னு கேக்காது. உள்ள மைனஸோட போனாலும், வெளிய வரும்போது மைனஸ் இருக்காது."

"எங்கம்மா என்னைப் பாக்கற மாதிரி. ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாது."

"நான் கோட்டுக்கு வெளிய நிக்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும்."

"சரி, இதுக்குள்ள மைனஸ் இருபதைப் போட்டா?"

"இருபது."

"அப்ப குளிர் எங்க போச்சு?"

அவள் பீரோவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கடைசிக் கணக்கை எழுதினாள்: மைனஸ் முக்கால், அதோடு பாயிண்ட் அஞ்சைக் கூட்டி, மட்டு மதிப்பு.

அவன் எழுந்து வந்தான். கைப்பிடியில் விரலை வைத்து முக்கால் தூரம் கீழே இறக்கினான். அங்கிருந்து பாதி தூரம் மேலே ஏற்றினான். "இப்ப மைனஸ் கால்ல நிக்கிறேன். ரெண்டு கோட்டுக்குள்ள நுழைஞ்சு வந்தா... கால். சரியா?"

சரிதான். ஆனால் அவள் முகம் மலரவில்லை. சாக்பீஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் நாளைக்குப் போகலைங்க."

"ஏன்? நல்லாத்தானே சொல்லிக்குடுத்த?"

"தினமும் கிடங்குல மைனஸோடவே புழங்கறவர் நீங்க. உங்களுக்கு நான் சொல்லிக்குடுத்தது, கொல்லன் தெருவுல ஊசி வித்த கதை. நிஜமாவே ஒண்ணும் தெரியாத பிள்ளை எதிர்ல உக்காந்தா என்னால புரியவைக்க முடியாது. அதே பேச்சை மூணாவது தடவையும் கேக்க எனக்குத் தெம்பில்லை."

அவன் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டே நின்றான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"பயப்படாம போயிட்டு வா. நான் நடிக்கவே இல்லை. இத்தனை வருஷமா, மைனஸ்னா இங்கிலீஷ்ல குளிருன்னு நெனச்சிட்டிருந்தேன்."