இருபதாவது ஆள்

பத்தொன்பது கைகளைக் குத்தியாயிற்று. இருபதாவது கைதான் நீள மாட்டேன் என்றது.

“உட்காருடி,” என்றாள் ஊசிக்காரக்கா.

“நான் வேணாம்க்கா. வேற யாரையாவது பாருங்க.”

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க ஆள் பிடித்தவளே இவள்தான். ரத்தம் எத்தனை வினாடியில் உறைகிறது என்று பார்ப்பதே வேலை; அதனால் லேபில் இவளுக்கு ‘வினாடி’ என்றே பெயர்.

அந்தச் சோதனைக்குப் புது ரசாயனம் வந்திருந்தது. நோய்நொடியில்லாத இருபது பேர் ரத்தத்தை அதில் போட்டு, சரியான நேரம் இவ்வளவு என்று கணக்கெடுக்க வேண்டும். இனி வரும் நோயாளிகளை அதோடுதான் ஒப்பிடுவார்கள். பழைய ரசாயனம் இன்றோடு சரி. நாளைக் காலை ஆறு ஆபரேஷன்கள்.

அதற்காக லிஃப்ட்காரரிடம் குழைந்து, சமையல்கட்டு அண்ணனை மிரட்டி, ஊசியைப் பார்த்தாலே வியர்க்கிற கணக்கரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தன் முறை வந்ததும் ஜகா வாங்குகிறாள்.

“ஊரையே குத்த வெச்சுட்டு, உன் தோல் மட்டும் பட்டோ?”

கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கணக்கர், இதற்கு நானே தேவலாம் என்று முனகினார். லிஃப்ட்காரர் சிரித்தார். வினாடி தலையைக் குனிந்துகொண்டாள்.

காய்ச்சலா, ஏதாவது மாத்திரை போட்டாயா என்று அக்கா குடைந்தாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். ஒரு பொய் சொல்லித் தப்பிக்கக்கூடத் தெரியவில்லை.

“அப்ப பேசாம கையை நீட்டு. யாரு கேக்கப் போறா?”

“யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா என்னைச் சேர்த்தா கணக்கு கோணிடும்க்கா. வர்றவங்க எல்லார் ரிப்போர்ட்லயும் அந்தத் தப்பு ஏறும்.”

“அப்படி என்னடி கேடு வந்துச்சு உன் ரத்தத்துக்கு?”

வினாடி குனிந்து அக்காவின் காதில் சொன்னாள்.

“கேடு இல்லக்கா. ஒன்பது வருஷம் கழிச்சு மறுபடியும், இது ஏழாவது வாரம். வயித்துல ஒண்ணு இருந்தா ரத்தம் உறையற நேரமே மாறிடும். போன தடவை அவசரப்பட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, அப்புறம் அழுதேன். அதான் இன்னும் எங்கம்மாகிட்டகூட சொல்லல.”

“என்னவாம்?” என்றார் கணக்கர்.

“ஜலதோஷமாம்,” என்று முகமெல்லாம் பல்லாக எழுந்தாள் அக்கா. “நீ உட்காருடி. இருபதாவது ஆளை நான் பிடிச்சுட்டு வரேன்.”